முத்தவல்லியும் உரிமையாளரும்: முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கழகத்தை முன்வைத்துச் சில விமர்சனக் குறிப்புகள்

கால்பந்தாட்டத்தை விடாது பின்தொடர்பவர்களின் பேச்சு இரண்டு விஷயங்களைச் சுற்றியே நடக்கும். நேற்றைய ஆட்டத்தில் யாரை இறக்கியிருக்க வேண்டும், யாரை உட்கார வைத்திருக்க வேண்டும் என்பது ஒன்று. கழகம் யார் கையில் இருக்கிறது, அவர்கள் அதை என்ன செய்யப் போகிறார்கள் என்பது மற்றொன்று. முதலாவதைப் பேசத் தனக்குத் தகுதி உண்டு என்று நம்பாத ஆதரவாளர் எவருமில்லை. கும்பகோணத்தில் மஃரிபுக்குப் பின் தேநீர்க் கடை பெஞ்சில் கூடும் நாங்கள் நாலைந்து பேர், பதினொருவர் பட்டியலைப் போட்டும் அழித்துமே இஷா வரை பொழுதைக் கழித்துவிடுவோம். இரண்டாவது விஷயம் வந்தால் பேச்சு தணிந்துவிடும். பங்கு, ஒப்பந்தம், கணக்கு எல்லாம் பெரிய இடத்து விவகாரம் என்று ஒருவர் சொல்வார். மற்றவர்கள் தேநீருக்குக் காசு கொடுக்க எழுந்துவிடுவோம்.

இந்தப் பழக்கம் பிழையானது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒரு கழகம் தன் அணிக்கு யாரைத் தேர்ந்தெடுக்கிறது என்பது முக்கியம்தான். ஆனால் அது வாழ்வதும் அழிவதும் அதனால் முடிவாவதில்லை. அதன் பொறுப்பில் இருப்பவர்கள் யாருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பதே அதை முடிவு செய்கிறது. இதை விளக்கக் கொல்கத்தா முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கழகத்தின் வரலாற்றைவிடப் பொருத்தமான சான்று இந்தியாவில் இல்லை. 1891இல் தோன்றிய இக்கழகம் அணித் தேர்வு பற்றிய கேள்வியைத் தன் நீண்ட வாழ்நாளில் ஏறத்தாழத் தீர்த்துவிட்டது. உடைமை பற்றிய கேள்வியை இன்றளவும் தீர்க்கவில்லை.

காவிரிக் கரையில் இருப்பவனுக்கு ஹூக்ளிக் கரைக் கழகத்தோடு என்ன உறவு என்று கேட்கலாம். என் தந்தையாருக்கு அக்கழகத்தின் பெயர் நாளிதழின் கடைசிப் பக்கம் வழியாக வந்தது. எனக்கு அவர் வழியாக வந்தது. 1983, 1984 ஆகிய இரு ஆண்டுகளிலும் அது ஃபெடரேஷன் கோப்பையை வென்றபோது, அந்த ஆட்டங்களில் ஒன்றையும் கண்ணால் காணாத ஒருவர் எங்கள் வீட்டில் இனிப்பு வாங்கி வந்தார். டெல்டாவில் எத்தனையோ முஸ்லிம் வீடுகளில் இத்தகைய தொலைதூரப் பற்று இருந்திருக்கிறது. அந்தப் பற்று கேள்வி கேட்காத பற்றாகவே இருந்தது என்பதுதான் இன்று வருத்தம் தருகிறது.

முதல் தேர்வு

1934ஆம் ஆண்டு முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கல்கத்தா லீகின் முதல் பிரிவுக்கு உயர்ந்தது. உயர்ந்த அந்த முதல் ஆண்டிலேயே பட்டத்தை வென்றது. அதுவரை எந்த இந்திய அணியும் வெல்லாத பட்டம் அது. பிரித்தானியப் படைப்பிரிவு அணிகளும் வெள்ளையர் கழகங்களுமே மாறிமாறி வென்றுவந்த லீக் அது. 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அப்பட்டம் வேறு எவர் கைக்கும் போகவில்லை. 1936இல் ஐ.எஃப்.ஏ. கேடயமும் சேர்ந்தது. 1940இல் டெல்லியில் நடந்த டூரண்ட் கோப்பை இறுதியாட்டத்தில் ராயல் வார்விக்ஷயர் படைப்பிரிவை 2-1 என்ற கணக்கில் தோற்கடித்து, அக்கோப்பையை வென்ற முதல் இந்தியக் குடிமக்கள் அணியாகவும் ஆயிற்று. காஜி நஸ்ருல் இஸ்லாம் இக்கழகத்தின் வெற்றியைக் கவிதையில் கொண்டாடினார்.

இந்த வெற்றிகளுக்கு ஆவேசமும் சமுதாய உணர்வுமே காரணம் என்று எழுதுவது நம்மிடையே வழக்கம். அது பாதி உண்மை. மறுபாதி, தேர்வில் காட்டிய துணிவு. கல்கத்தாக் கழகங்கள் பெரும்பாலும் வங்காளத்துக்குள்ளேயே ஆட்டக்காரர்களைத் தேடிய காலத்தில், முஹம்மதன் நிர்வாகிகள் நாடு முழுவதும் தேடினார்கள். பெங்களூர் அவர்களுக்குப் பெரிய நாற்றங்காலாக இருந்தது. 1937இல் ரோவர்ஸ் கோப்பையை வென்ற பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி எத்தகைய மண்ணிலிருந்து வந்தது என்பதை அவர்கள் முன்கூட்டியே அறிந்திருந்தார்கள். மேற்கே குவெட்டா வரை தேடல் நீண்டது. ஜும்மா கான் போன்றவர்கள் அப்படித்தான் வந்தார்கள். வெறுங்காலால் ஆடுவதைப் பெருமையாகக் கருதிய காலத்தில், மழையில் நனைந்த திடலில் பூட்ஸ் அணிந்து ஆடவும் இவ்வணியினர் பழகினர். ஊர்ப் பற்றையும் பழைய பெருமையையும் ஒதுக்கிவைத்துத் தகுதியைத் தேடியது இந்நிர்வாகம். இன்று நாம் ‘தேர்வுக் கொள்கை’ என்று சொல்வதை அன்றே அது கைக்கொண்டிருந்தது.

ஆனால் அத்தேடலுக்கு ஒரு வேலியும் இருந்தது. தேடிய பரப்பு இந்தியா முழுவதும். தேர்ந்தெடுத்தது முஸ்லிம்களை மட்டும். இதை எவ்வாறு மதிப்பிடுவது?

வேலியின் கணக்கு

இதை வகுப்புவாதம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவோர் அன்றைய காலனிய விளையாட்டுலகை மறந்துவிடுகிறார்கள். பம்பாயின் புகழ்பெற்ற கிரிக்கெட் போட்டிகள் ஐரோப்பியர், இந்துக்கள், பார்சிகள், முஸ்லிம்கள் என்று சமூக வாரியாகவே நடந்தன. சென்னையில் பொங்கல் காலத்தில் நடந்த பிரசிடென்சி ஆட்டம் ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் இடையிலானது. கல்கத்தா லீகிலேயே முதல் பிரிவில் இரண்டு இந்தியக் கழகங்களுக்கு மேல் இடமில்லை என்ற விதி 1920களின் நடுப்பகுதி வரை இருந்தது. எல்லாக் கதவுகளிலும் பெயர்ப் பலகை தொங்கிய தெருவில் ஒரு வீட்டின் பலகையை மட்டும் குற்றம் சொல்வது நியாயமன்று. முஸ்லிம் இளைஞர்கள் பின்தங்கிக் கிடந்த நகரத்தில் அவர்களுக்கு ஒரு திடலும் ஒரு சட்டையும் கொடுத்தது இக்கழகம் என்பதும் மறுக்கக்கூடியதன்று.

அதற்காக அந்த வேலிக்கு விலை இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 1930களின் இறுதியில் வங்காள அரசியல் இறுகியபோது, கழகத்தின் வெற்றியும் தோல்வியும் ஒரு சமுதாயத்தின் வெற்றி தோல்வியாக இரு தரப்பிலும் படிக்கப்பட்டன. குவாஜா நாஜிமுத்தீன் போன்ற முஸ்லிம் லீக் தலைவர்கள் புரவலர்களாக இருந்தது அந்தப் படிப்பை வலுப்படுத்தியது. 1947இல் நாடு பிரிந்தபோது ஆட்டக்காரர்களில் பலரும், புரவலர்களில் பெரும்பாலோரும், ஆதரவாளர்களில் கணிசமானவர்களும் எல்லையைத் தாண்டிப் போனார்கள். ஒரே கிணற்றை நம்பிய வயல் போலாயிற்று கழகம். 1948, 1957, 1967, 1981 எனப் பல ஆண்டு இடைவெளிகளில் லீக் பட்டம் வந்தது. 1960இல் டாக்காவில் ஆகா கான் தங்கக் கோப்பையை வென்று, அயல் மண்ணில் கோப்பை வென்ற முதல் இந்தியக் கழகம் என்ற பெயரும் வந்தது. ஆயினும் பழைய வலு திரும்பவில்லை.

இக்கட்டத்தில் கழகம் செய்த காரியத்தை நாம் போதிய அளவு பாராட்டவில்லை. அது தன் வேலியைத் தானே எடுத்தது. 1980களில் கறுப்பு வெள்ளைச் சட்டையில் சுரஜித் சென்குப்தா ஆடினார். ஈரானிலிருந்து வந்த மஜீத் பிஷ்கரும் ஜம்ஷீத் நஸீரியும் ஆடினார்கள். நைஜீரியாவின் சீமா ஒகோரி இந்தியாவில் முதலில் அணிந்த சட்டையும் இதுவே. தஞ்சாவூரிலிருந்து போன காலியா குலோத்துங்கன், 2003இல் ஆசியான் கழகப் போட்டியை வென்ற ஈஸ்ட் பெங்கால் அணியில் இருந்தவர், முஹம்மதனுக்காகவும் ஆடியிருக்கிறார். 2018இல் சாலை விபத்தில் அவர் மறைந்தபோது தஞ்சைக்கும் கொல்கத்தாவுக்கும் ஒரே நாளில் துக்கம் இருந்தது. 2023-24 பருவத்தில் ஐ-லீக் பட்டத்தை வென்ற அணியில் மிஸோ இளைஞர் டேவிட் லால்ஹ்லான்சங்காவும், அர்ஜென்டினாவின் அலெக்ஸிஸ் கோமெஸும், உஸ்பெகிஸ்தானின் மிர்ஜலால் காசிமோவும், ஹோண்டுராஸின் எடி ஹெர்னாண்டஸும் இருந்தார்கள். பயிற்சியாளர் ஆந்த்ரே செர்னிஷோவ் ரஷ்யர். 2024 ஏப்ரல் 6 அன்று, ரமளானின் இறுதிப் பத்து நாட்களில், ஷில்லாங்கில் லஜோங் அணியை 2-1 என்று வென்று பட்டத்தை உறுதி செய்தபோது, கழகத்தின் பெயரில் முஹம்மதனும் களத்தில் முழு உலகமும் இருந்தன.

அடையாளம் கரைந்துவிட்டது என்று இதற்கு அழுபவர்கள் நம்மிடையே உண்டு. பதினொருவரில் நம்மவர் எத்தனை என்று எண்ணுபவர்கள் அவர்கள். கிளாஸ்கோ நகரின் செல்டிக் கழகத்தை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். 1887இல் ஏழை ஐரிஷ் கத்தோலிக்கக் குடியேறிகளுக்கு உணவளிக்க நிதி திரட்டும் பொருட்டு ஒரு துறவியார் தொடங்கிய கழகம் அது. ஆனால் தேர்வில் மதம் பார்க்கவில்லை. 1967இல் ஐரோப்பியக் கோப்பையை அதற்கு வென்றுதந்த பயிற்சியாளர் ஜாக் ஸ்டீன் புராட்டஸ்டண்டு. அதற்கு முப்பதாண்டுகளுக்கு முன்பே, 1936இல், முஹம்மதன் ஸ்போர்ட்டிங்கின் முஹம்மது சலீம் அக்கழகத்தின் சட்டையை அணிந்து, காலில் பூட்ஸ் இன்றிக் கட்டுத்துணி மட்டும் சுற்றிக்கொண்டு இரண்டு ஆட்டங்கள் ஆடினார். கிளாஸ்கோ பத்திரிகைகள் அவரை வியந்து எழுதின. அதனால் செல்டிக்கின் ஐரிஷ் அடையாளம் கரையவில்லை. இன்றும் அதன் திடலில் பச்சை வெள்ளையைப் பார்ப்பவருக்கு அது எந்த மக்களின் கழகம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அடையாளம் என்பது ஆட்டக்காரரின் பெயர்ப் பட்டியலில் இல்லை. கழகத்தை நிறுவியவர்களின் நோக்கத்திலும், அதைச் சூழ்ந்து நிற்பவர்களின் நினைவிலும் அது இருக்கிறது.

கணக்குப் புத்தகத்தின் பக்கம்

இனி இரண்டாவது கேள்வி. தேர்வில் இவ்வளவு தூரம் நடந்துவந்த கழகம் உடைமையில் எங்கே நிற்கிறது?

முஹம்மதன் ஸ்போர்ட்டிங் அடிப்படையில் உறுப்பினர்களின் கழகம். நிர்வாகக் குழு, செயலாளர், தேர்தல் என்ற பழைய அமைப்பு அது. இந்த அமைப்பு நல்ல காலத்தில் நன்றாகவும் கெட்ட காலத்தில் மிகக் கெட்டதாகவும் நடந்தது. 2013இல் டூரண்ட் கோப்பையையும் 2014இல் ஐ.எஃப்.ஏ. கேடயத்தையும் வென்ற அணியை, 2014 அக்டோபரில் பணமில்லை என்று கூறிக் கலைக்கப்போவதாக நிர்வாகம் அறிவித்தது. கோப்பை வென்ற சூடு ஆறுமுன் இந்த அறிவிப்பு வந்தது. அன்று கழகத்தில் எந்த முதலாளியும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நெருக்கடியை உண்டாக்கியதும் நம்முடையதென்று நாம் சொல்லிக்கொள்ளும் நிர்வாகமே. உறுப்பினர் கழகம் என்றாலே புனிதம், முதலீட்டாளர் என்றாலே கேடு என்ற எளிய சமன்பாடு இங்கே உடைகிறது.

2020இல் பங்கர்ஹில் என்ற நிறுவனம் முதலீட்டாளராக வந்தது. பணம் வந்ததும் பயனும் தெரிந்தது. நாற்பதாண்டு இடைவெளிக்குப் பின் 2021இல் கல்கத்தா லீக் பட்டம் வந்தது, அடுத்த இரண்டு ஆண்டுகளும் தொடர்ந்தது, ஐ-லீகும் கைகூடியது. 2024இல் ஷ்ராச்சி நிறுவனமும் சேர, கழகம் இந்தியன் சூப்பர் லீகில் கால் வைத்தது. அந்த லீகில் அதன் முதல் வெற்றி நம் சென்னையில் கிட்டியது. 2024 செப்டம்பர் 26 அன்று நேரு விளையாட்டரங்கில் சென்னையின் எஃப்.சி.யை 1-0 என்று வென்றது. கோலடித்தவர் மிஸோரத்தின் லால்ரெம்சங்கா ஃபனாய். அன்றிரவு தேநீர்க் கடை பெஞ்சில் எங்களுக்குள் சிறு குழப்பம். தமிழ்நாட்டு அணி தோற்றதற்கு வருந்துவதா, தந்தையாரின் அணி வென்றதற்கு மகிழ்வதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தோம்.

அதற்குப் பின் நிகழ்ந்தவை கசப்பானவை. ஆட்டக்காரர்களின் ஊதியம் நிலுவையில் நின்றது. ஆட்டக்காரர்கள் பயிற்சிக்கு வர மறுத்தார்கள். கழகத்தை அந்த உயரத்துக்கு ஏற்றிய பயிற்சியாளர் 2025 ஜனவரியில் ஊதிய நிலுவையைச் சொல்லி விலகினார். பொறுப்பு யாருடையது என்பது பற்றிக் கழகத்துக்கும் முதலீட்டாளர்களுக்கும் இடையே பூசல் பகிரங்கமாக எழுந்தது. பதின்மூன்று கழகங்கள் ஆடிய பருவத்தில் கழகம் இரண்டே வெற்றிகளுடன் கடைசி இடத்தில் முடிந்தது.

அந்நாட்களில் எங்கள் பேச்சு எதைப் பற்றியது என்பதை நினைத்தால் இன்று நாணமாக இருக்கிறது. முன்களத்தில் யாரை இறக்குவது, நடுக்களத்தில் யார் மெதுவாக ஓடுகிறார் என்றே பேசிக்கொண்டிருந்தோம். மாதக்கணக்கில் ஊதியம் பெறாத மனிதன் மெதுவாக ஓடுகிறான் என்று குறைசொல்லும் உரிமையை எங்கிருந்து பெற்றோம்? வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்க வேண்டும் என்று ஜும்ஆ மேடைகளில் கேட்டு வளர்ந்த சமுதாயம், தன் பெயரைத் தாங்கிய கழகத்தில் கூலி நின்றபோது பதினொருவர் பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்தது. அணித் தேர்வையும் உடைமையையும் தனித்தனி விஷயங்களாகப் பார்த்ததன் விளைவு இது. உண்மையில் பயிற்சியாளர் தேர்வதற்கு முன்பே ஒரு தேர்வு நடந்துவிடுகிறது. எவ்வளவு பணம், எத்தனை ஆண்டுக்கு, யார் பொறுப்பில் என்று அலுவலகத்தில் நடக்கும் அத்தேர்வு விட்டுவைத்த மிச்சமே களத்தில் நாம் காணும் பதினொருவர்.

வீட்டுக்கு அருகில் ஒரு பாடம்

இது கொல்கத்தாவின் தனி நோய் என்று தமிழ்நாட்டார் ஆறுதல் கொள்ள வழியில்லை. சென்னை சிட்டி எஃப்.சி.யின் கதை நம் கண்முன் நடந்தது. 1946இல் நேதாஜி விளையாட்டுக் கழகமாகத் தொடங்கிய அது, 2016-17இல் ஐ-லீகில் நுழைந்து, பின்னர் கோயம்புத்தூரைத் தன் திடலாகக் கொண்டது. 2018-19இல் அது தேர்ந்தெடுத்த அணி தமிழ்நாட்டுக் கால்பந்து ஆதரவாளன் கனவில் மட்டுமே கண்ட அணி. எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், பாண்டியன் சீனிவாசன் எனத் தமிழ்நாட்டு இளைஞர்கள் ஒருபுறம். பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டியோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ் என ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள் மறுபுறம். இருவரையும் ஒன்றாகக் கோத்தவர் சிங்கப்பூரின் அக்பர் நவாஸ். மான்சி அப்பருவத்தில் இருபத்தொரு கோல்கள் அடித்தார். 2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூரில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்திப் பட்டம் பெற்றது. அணித் தேர்வைப் பொறுத்தவரை அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை.

அதே ஆண்டு ஸ்விட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் கழகம் அதன் 26 விழுக்காடு பங்குகளை வாங்கியது. இனி நல்ல காலம் என்று எழுதாத பத்திரிகை இல்லை. ஆனால் பட்டம் வென்ற இரண்டே ஆண்டுகளில், 2020-21 பருவத்தோடு, அக்கழகம் தேசிய லீகிலிருந்து மறைந்தது. ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு கழகத்துக்குப் போனார்கள். கோயம்புத்தூரில் அரங்கை நிறைத்த ஆயிரக்கணக்கானோரில் ஒருவரிடமும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டிய சட்டக் கட்டாயமும் இல்லை. உரிமையாளர் கடையைச் சாத்தினால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போக வேண்டியதுதான். ஆனால் பாசல் நகரத்தில் நடந்தது வேறு. அங்கே கழகத்தின் பெரும்பங்கை வைத்திருந்தவரை எதிர்த்து ஆதரவாளர்கள் இயக்கமாகத் திரண்டார்கள். 2021இல் அவர் தம் பங்குகளை விற்று வெளியேறினார். ஒரே முதலீட்டின் இரு முனைகள்: ஒன்றில் ஆதரவாளருக்குக் குரல் இருந்தது, மற்றொன்றில் இருக்கவில்லை. ஒரு கழகம் இருக்கிறது, மற்றது இல்லை.

இன்னொரு ஒப்பீடும் இங்கே பயன்படும். ஸ்பெயினின் பில்பாவ் நகரத்து அத்லெடிக் கழகம் பாஸ்கு மண்ணில் பிறந்தோரையோ அங்கே பயிற்சி பெற்றோரையோ மட்டுமே இன்றளவும் தேர்ந்தெடுக்கிறது. தேர்வில் அவ்வளவு இறுக்கம். ஆனால் கழகம் அதன் உறுப்பினர்களுக்குச் சொந்தம். தலைவரை அவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது ஸ்பெயினின் முதல் பிரிவிலிருந்து ஒருமுறைகூட இறங்கியதில்லை. மூடிய தேர்வும் திறந்த உடைமையும் கொண்ட கழகம் நூறாண்டைத் தாண்டி நிற்கிறது. திறந்த தேர்வும் மூடிய உடைமையும் கொண்ட சென்னை சிட்டி பட்டத்தோடு மறைந்தது. எந்தக் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுவதில்லை.

முத்தவல்லி யார்?

நம் வாசகர்களுக்கு இதை விளக்க மேலைநாட்டு உதாரணங்களைவிட நெருங்கிய உதாரணம் ஒன்று உண்டு. பள்ளிவாசலின் வக்ஃபு நிலத்தை நிர்வகிக்கும் முத்தவல்லி அதன் உரிமையாளர் அல்லர். அவர் செல்வந்தராக இருக்கலாம். கைப்பணம் போட்டுச் சுவரை எழுப்பியிருக்கலாம். அவர் பாட்டனாரே அந்நிலத்தை எழுதிவைத்தவராகவும் இருக்கலாம். ஆயினும் அதை விற்கவோ, நோக்கத்தை மாற்றவோ, கணக்கை மறைக்கவோ அவருக்கு உரிமையில்லை. அது அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். எழுதிவைத்தவரின் நோக்கம் அவரைக் கட்டுப்படுத்துகிறது. பயன்பெறும் மஹல்லாவாசிகள் அவரைக் கேள்வி கேட்கலாம். இந்த நெறி மீறப்பட்ட ஊர்கள் எத்தனை என்று நமக்குத் தெரியும். டெல்டாவில் வக்ஃபு நஞ்சை எந்தெந்த வழியில் கைமாறியது என்பது தனிக் கட்டுரைக்குரிய துயரம். ஆனால் மீறல் நடந்தால் அதை மீறல் என்று அழைக்கும் சொல்லாவது நம்மிடம் இருக்கிறது. கால்பந்துக் கழகத்தைப் பொறுத்தவரை அந்தச் சொல்லையே நாம் இழந்துவிட்டோம். பணம் போட்டவரை ‘உரிமையாளர்’ என்று அழைத்துப் பழகிவிட்டோம். பெயரே பாதி வழக்கைத் தோற்கடித்துவிடுகிறது.

உலகில் இதற்குச் சட்ட வடிவம் தந்தவர்களும் உண்டு. ஜெர்மனியில் 1998 முதல் கழகங்கள் நிறுமமாக மாறலாம். ஆயினும் ஒருசில விதிவிலக்குகள் நீங்கலாக வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர் சங்கத்திடமே இருந்தாக வேண்டும். செல்டிக் 1994இல் திவாலின் விளிம்பில் நின்றபோது அதை மீட்ட ஃபெர்கஸ் மக்கேன், அடுத்த ஆண்டு பங்குகளைச் சாதாரண ஆதரவாளர்களுக்கு விற்பனைக்கு வைத்தார், ஆயிரக்கணக்கானோர் வாங்கினார்கள். கட்டுப்பாடற்ற சந்தையின் தாயகமான இங்கிலாந்தே 2025இல் கழகங்களின் நிதியையும் உடைமையையும் கண்காணிக்கச் சட்டம் இயற்றியது.

மறுப்புகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உறுப்பினர்களுக்குச் சொந்தமான பார்சிலோனா 2021இல் நூறு கோடி யூரோவுக்கு மேல் கடனில் மூழ்கியது. வாக்குரிமை மட்டும் கழகத்தைக் காப்பாற்றிவிடாது. முதலீட்டாளர் இன்றி இன்றைய லீகில் ஒரு பருவம்கூட ஆட முடியாது என்பதும் உண்மை. மோகன் பாகானும் ஈஸ்ட் பெங்காலும் 2020இல் அப்படித்தான் பெருநிறுவனங்களோடு கைகோத்தன. ஆயினும் அவ்விரு கழகங்களின் ஆதரவாளர்கள் சும்மா இருக்கவில்லை. மோகன் பாகான் பெயருக்கு முன் ஒட்டப்பட்ட ஏ.டி.கே. என்ற எழுத்துகள் 2023இல் நீக்கப்பட்டதற்கு அவர்களின் விடாத எதிர்ப்பே காரணம். ஈஸ்ட் பெங்கால் ஆதரவாளர்கள் ஒப்பந்தம் குறித்துக் கேள்வி கேட்டு 2021 ஜூலையில் வீதியில் தடியடி வாங்கினார்கள். அவர்கள் முதலீட்டைத் துரத்தவில்லை. அதற்கு நிபந்தனை வைத்தார்கள்.

எனவே கேட்க வேண்டியவை பெரிய புரட்சிகள் அல்ல. ஆண்டுக் கணக்கு தணிக்கை செய்யப்பட்டு எவரும் படிக்கும்படி வெளியிடப்பட வேண்டும். பெயர், நிறம், திடல் ஆகிய மூன்றையும் உறுப்பினர்களின் ஒப்புதலின்றி மாற்றக்கூடாது. ஆட்டக்காரரின் ஊதியத்துக்குரிய தொகை பருவம் தொடங்குமுன் தனிக் கணக்கில் வைக்கப்பட வேண்டும். கொல்கத்தாவுக்கு வெளியே இருக்கும் ஆதரவாளர்களும் சிறு சந்தாவில் உறுப்பினராகி வாக்களிக்க வழி வேண்டும். இவை இல்லாமல் வரும் எந்தப் பணமும் மழைக்காலத்து ஓடைபோல வந்த வழியே போய்விடும்.

2025 ஜூலையில், லீகை நடத்தும் உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத சிக்கலால் இந்தியன் சூப்பர் லீகே நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த மாதம் சென்னையின் எஃப்.சி. தன் பணிகளை இடைநிறுத்துவதாக அறிவித்தது. கழகத்துக்கு மட்டுமன்றி லீகுக்கே முத்தவல்லி யார் என்று தெரியாத நிலையை அன்று கண்டோம்.

டெல்டாக்காரர்களுக்கு ஒரு பழைய வழக்கம் நினைவிருக்கும். ஆற்றில் தண்ணீர் வருமுன் ஊரார் கூடி வாய்க்காலைத் தூர்வாருவார்கள். குடிமராமத்து என்று அதற்குப் பெயர். மடையைத் திறப்பது வேறொருவர் கையில் இருந்தாலும், வாய்க்கால் தம்முடையது என்பதில் அவர்களுக்கு ஐயம் இருந்ததில்லை. உழைப்பைக் கொடுத்ததால்தான் தண்ணீர் வராதபோது கேட்கும் வாயும் அவர்களுக்கு இருந்தது. நாம் கழகத்துக்குக் கைதட்டலை மட்டுமே கொடுத்தோம். அதனால்தான் தேநீர்க் கடை பெஞ்சில் கணக்கு என்ற சொல் வந்ததும் எழுந்துவிடுகிறோம்.

அடுத்த பருவத்திலும் நாங்கள் பதினொருவர் பட்டியலைப் போடுவோம். அந்த இன்பத்தை விடுவதற்கில்லை. ஆனால் பட்டியலுக்கு முன் ஒரு கேள்வியைப் போட வேண்டும் என்று எங்களுக்குள் தீர்மானித்திருக்கிறோம்: போன மாத ஊதியம் போய்ச் சேர்ந்ததா? அதற்கு விடை கிடைத்த பிறகு முன்களத்தைப் பற்றிப் பேசுவோம்.